நல்ல கிருமிக்கு ஒரு கரண்டி

ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது. வெந்நீர் பட்டதுமே ரத்தம் நூலுக்குள் புகுந்து குடியேறிவிடும். அப்புறம் எந்தப் பொடியைப் போட்டுத் தேய்த்தாலும் பழுப்பாக ஒரு வட்டம் நின்றே தீரும். பச்சைத் தண்ணீரில், காய்வதற்கு முன்னால் நனைக்க வேண்டும். கொஞ்சம் உப்பு, பிறகு சோப்பு, கடைசியில் கறைப்பொடி. லாண்டரிக்காரருக்கு இது கைவந்த பாடம். ஊரிலிருந்த ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளில் பாதி அவருடைய கடையில்தான் வெளுத்தன.

கடைக்கு மேலேதான் வீடு. அவர் மற்றவர்கள் கண் விழிப்பதற்கு முன்னால் மாடியிலிருந்து இறங்கி, விளக்கைப் போட்டு, அழுக்கு விரிப்புகள் குவிந்திருக்கும் தள்ளுவண்டிகளில் கடைசி வண்டியின் அடியில் கையை விடுவார். பெரும்பாலான நாட்களில் அங்கே சுருட்டித் திணித்த ஒரு விரிப்பு அகப்படும். ஓட்டல் விரிப்புகளுக்கு ஓரத்தில் நீலக்கோடு உண்டு; இதற்கு இருக்காது. வீட்டு விரிப்பு. அவருடைய மகன் படுத்து எழுந்தது.

மகன் முன்னறையில், கழிவறைக்குப் பக்கத்தில் தனிக்கட்டில் போட்டுப் படுத்திருந்தான். இரவில் எத்தனை தடவை எழுந்தாலும் மனைவியின் தூக்கம் கெடக் கூடாது என்பது அவன் சொன்ன காரணம். விடியுமுன் விரிப்பை அவனே உருவி, கீழே வந்து வண்டியின் அடியில் ஒளித்துவிட்டு, வேறொன்றை விரித்துக்கொள்வான். ஓட்டல் துணிகளோடு துணியாக மெஷின் அதை விழுங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தான் போலும். மெஷினில் ஓடுவது கொதிக்கிற தண்ணீர். அதில் போட்டால் கறை காலத்துக்கும் நிற்கும். ஆகவே அப்பா அதைத் தனியே எடுத்து, சிமெண்டுத் தொட்டியில் அலசி, உலர்த்தி, மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். இதைப் பற்றி அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தண்ணீரில் நனைப்பதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். கறையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்ப்பார். கை அளவுக்குள் அடங்கினால் "கடவுளே, உனக்குப் புண்ணியம்" என்பார். அடங்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். கடவுளுக்கும் சில காலைகளில் சங்கடம் இருக்கும், நாம் வேறு குத்திக்காட்ட வேண்டாம் என்று நினைக்கிற மனுஷர் அவர்.

மகனுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். உடம்பைக் காக்கிற படை, எதிரி யாரென்று குழம்பிப்போய், சொந்தக் குடலையே அடிக்கிற நோய் என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். மாத்திரைகள் கொஞ்ச காலம் கேட்டன, பிறகு கேட்கவில்லை. இன்னொரு மாத்திரை முகத்தைப் பூசணிக்காயாக ஊத வைத்துவிட்டு ஓய்ந்தது. இப்போது ஊசி. "இந்த ஊசி புடிச்சுக்கிட்டா பொழைச்சோம்," என்றிருந்தார் டாக்டரம்மா. "புடிக்கலன்னா பெருங்குடலையே எடுத்துடணும். வயித்துப் பக்கமா ஒரு பை வச்சு, அது வழியா போற மாதிரி பண்ணுவோம். பயப்படாதீங்க, அப்படி நிறைய பேர் நல்லா வாழறாங்க."

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் பயந்தார்கள். ஊசி பிடிக்குமா பிடிக்காதா என்பது ஒன்றே அந்த வீட்டில் அன்றாடக் கேள்வியாயிற்று.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் இலைச்சாறு என்றார். ஒருவர் பட்டினி கிட என்றார். சட்டை வாங்க வந்த ஒருவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து அவன் வயிற்றை அமுக்கியே பார்த்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மகன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இனிமே எனக்கு வைத்தியம்னு எவனாவது வாயைத் தொறந்தா, தூக்கி மெஷின்ல போட்டு சுத்தி எடுத்துடுவேன். டாக்டர் குடுக்கற ஊசி, டாக்டர் சொல்ற சாப்பாடு. வேற ஒண்ணும் என் வாய்ல போகாது."

"நாங்க ஒண்ணும் சொல்லலியேடா," என்றார் அப்பா.

"உங்களையும் சேத்துதான்ப்பா சொல்றேன். எனக்குத் தெரியாம எதையாவது குடுத்தீங்கன்னா, அப்புறம் இந்த வீட்ல பச்சைத் தண்ணி கூட குடிக்க மாட்டேன்."

மருமகள் சூப்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

அந்தச் சபதம் ஒரு வாரம் கூடத் தாங்கியிருக்காது. ரேடியோ வந்தான்.

ரேடியோ என்பது வேன் ஓட்டுகிறவனுக்குக் கடையில் வைத்த பேர். ஓட்டல் ஓட்டலாகப் போய் அழுக்குத் துணியை ஏற்றி வருவது அவன் வேலை. ஒரு ஓட்டலின் சமாசாரத்தை அடுத்த ஓட்டலில் இறக்குவது அவன் இயல்பு. எந்த மேனேஜருக்கும் எந்த சமையல்காரருக்கும் சண்டை என்பது அவன் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். ஆனால் மனசு வெள்ளை. மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு வலித்தால் தானே தூக்கிவிட்டுப் போவான்.

"ஐயா, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"இதை நீ சொல்றியா?"

"சிரிக்காதீங்க. என் மச்சினிக்கும் தம்பிக்கு இருக்கற இதே வியாதிதான். இப்ப அவ ஆட்டமா ஆடறா. என்ன சாப்பிட்டா தெரியுமா? ப்ரீபயாடிக்."

"தயிர்ல இருக்குன்னு சொல்வாங்களே, அதா?"

"அது ப்ரோ. இது ப்ரீ. அது நல்ல கிருமி. இது, அந்த நல்ல கிருமிக்குப் போடற சாப்பாடு."

லாண்டரிக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "கிருமிக்குச் சாப்பாடு போடணுமா? இத்தனை வருஷமா கிருமியைக் கொல்றதுக்குல்ல நான் மூட்டை மூட்டையா பொடி வாங்கறேன்?"

"அது கெட்ட கிருமி ஐயா. குடலுக்குள்ள கோடிக்கணக்குல நல்லது இருக்காம். அதுங்க பட்டினி கெடந்தா குடல் சுவரு மெலிஞ்சு போயிடுமாம். தீனி போட்டோம்னு வைங்க, அதுங்களே சுவத்துக்குப் பூச்சு பூசிக் குடுக்குமாம்."

"கொத்தனார் மாதிரியா?"

"அதே! வேர்ல இருந்து எடுக்கற நார்ப்பொடி. வெள்ளையா இருக்கும், வாசனை கெடையாது, டீயில கலந்தா சத்தியமா தெரியாது. நான் வாங்கித் தரேன். தம்பிக்கு மட்டும் தெரிய வேணாம்."

டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மகனிடம் சொல்லிவிடுவார் என்ற பயம். கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால், செய்வதற்கு வேறொன்றும் இல்லையே என்ற பயம் அதைவிடப் பெரிது. பிள்ளை கண்ணெதிரே கரையும்போது சும்மா நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கையில் ஒரு கரண்டியாவது இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

பொட்டலம் வந்தது. சமையலறையில் வைக்க முடியாது. மகன் பிஸ்கட் தேடி எல்லா டப்பாவையும் திறந்து பார்க்கிறவன். கடையில், சிமெண்டுத் தொட்டிக்கு மேலே இருக்கிற பலகையில் சோடா, வெளுப்புப் பொடி, கறைப்பொடி, கஞ்சிப்பசை என்று வரிசையாக வெள்ளை டப்பாக்கள். அந்த நெடி ஆகாது என்பதால் மகன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காலர்களுக்குக் கஞ்சி போடுகிற வழக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்ததால் கஞ்சிப்பசை டப்பா காலியாகக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து அதில் கொட்டினார். மகனின் காலை டீயில் ஒரு கரண்டி. கலக்கும்போது, "குடிக்கற வாய்க்கும் தெரிய வேண்டாம், குடலுக்கு மட்டும் தெரியட்டும்" என்று வேண்டிக்கொண்டார்.

மகன் முன்பைவிடத் தளர்ந்தான். வயிறு காற்று நுழைந்த தலையணை உறைபோல் உப்பியது. பெல்ட்டில் ஓட்டை போதாமல் நாடா கட்டிக்கொண்டான். அவன் வேலை பெரிய இஸ்திரி உருளையில். ஈரவிரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து, சுருக்கமில்லாமல் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். எதிர்ப்பக்கம் மருமகள் நின்று வாங்கி மடிப்பாள். ஒருநாள் பாதி விரிப்பு உள்ளே போனபோது அவன் முகம் வெளிறியது. பிடியை விட்டுவிட்டு ஓடினான். துணி மடங்கிச் சிக்கி, உருளை நின்று, புகை வந்தது. மருமகள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். விரிப்பின் நடுவே இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருகல்.

திரும்பி வந்தவன் கருகிய துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஓட்டல்காரன் கேட்டா, படுத்தவன் ரொம்ப சூடான ஆளுன்னு சொல்லிடுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

ஊசி பிடித்ததா இல்லையா என்று டாக்டரம்மா பார்த்து முடிவு சொல்லவேண்டிய நாள் வந்தது. அன்றைய காலையிலும் கடைசி வண்டியின் அடியில் விரிப்பு இருந்தது. லாண்டரிக்காரர் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அலசி, சோப்புப் போட்டுவிட்டுக் கறைப்பொடி டப்பாவை எடுத்தார். தீர்ந்திருந்தது. பின்னால் இன்னொரு கறைப்பொடி டப்பா இருந்தது. எடுத்து, கறையின் மேல் தூவினார்.

கறைப்பொடி ஈரத்தில் பட்டால் சீறிக்கொண்டு நுரைக்கும். இது சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் மாவு மாதிரி மிதந்துவிட்டுக் கரைந்து காணாமல் போயிற்று.

முகர்ந்தார். நெடி இல்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். லேசாக இனித்தது. அவர் டீயில் போடுகிற அதே பொடி; ஆனால் டப்பா அவருடையது இல்லை.

அவருக்கு முதலில் வந்தது கோபமில்லை, பயம். இதே பலகை, இதே வெள்ளை டப்பாக்கள். ஏதோ ஒரு காலை அரைத் தூக்கத்தில் கை மாறி, சோடாவோ வெளுப்புப் பொடியோ டீயில் விழுந்திருந்தால்? அன்பு என்று நினைத்துக்கொண்டு விஷத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றுவிட்டோம்!

பின்னால் செருப்புச் சத்தம். மருமகள் நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும்.

"மாமா... நீங்க இவ்வளவு சீக்கிரமா எழுந்துட்டீங்களா?"

அவர் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். "இது கறைப்பொடி இல்லம்மா."

அவள் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"தூவிப் பார்த்தேன். நுரைக்கல."

"அதுக்கு நுரைக்கத் தெரியாது மாமா," என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

லாண்டரிக்காரர் எட்டி, கஞ்சிப்பசை டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். விரலால் தொட்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களுமா?"

"காலையில டீயில. நீ?"

"ராத்திரி சூப்புல. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல, வர நேரமாயிடும்னு இப்பவே எடுத்து வைக்க வந்தேன்."

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"ரேடியோ. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சொன்னான் மாமா. உங்களுக்குத் தெரிஞ்சா உடனே இவர்கிட்ட சொல்லிடுவீங்களாம்."

ஊர்க்கதை எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அதுவும் இதை.

மருமகள் கண்ணைத் துடைத்தாள். திடீரென்று அவள் முகம் மாறியது. "மாமா! அப்ப இந்த உப்பசம், வலி, ஓடறது எல்லாம் நாம ரெண்டு பங்கா போட்ட பொடியால இருக்குமில்ல? நாம ஆரம்பிச்ச பின்னாடிதானே இவ்வளவு மோசமாச்சு? அப்ப ஊசி தோத்துப் போகல! டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டா, அவங்க ஊசியைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்னு சொல்வாங்க. இவர் திட்டட்டும். பேசாமகூட இருக்கட்டும். பரவாயில்ல."

அவள் பார்வை தொட்டிக்குப் போனது. "அது என்ன மாமா, செவப்பா?"

"ஓட்டல் விரிப்பு," என்றார் அவர். விரிப்பின் ஓரத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். "எவனோ சாஸைக் கொட்டியிருக்கான்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். மருமகளின் முகத்தில் வெளிச்சம் வந்து எவ்வளவு காலமாயிற்று என்பதுதான் அப்போது அவர் நினைவில் இருந்தது.

டாக்டரம்மாவின் மேஜை மேல் குடலின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருக்கும். பெருங்குடல் தனியே கழன்று வரும். மகன் எப்போது வந்தாலும் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். அன்றும் கழற்றிக் கையில் வைத்திருந்தான். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். டீ, சூப்பு, டப்பா, ரேடியோ.

மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். லாண்டரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்ற வார்த்தை அவர் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

மகன் பிளாஸ்டிக் குடலை மேஜையில் வைத்தான். சட்டைப் பையில் கைவிட்டு, மடித்த ஒரு சிறு பாக்கெட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். உள்ளே வெள்ளைப் பொடி.

"மத்தியானம்," என்றான். "தண்ணியில கலந்து. அவன்தான் குடுத்தான். உங்க ரெண்டு பேர்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அவ்வளவு பெருசா பேசிட்டு, நானே போய் வாங்கறேன்னா மானம் போயிடாதா?"

டாக்டரம்மாவின் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார். "மூணு வேளை, மூணு கை. உள்ள இருக்கற கிருமிக்கெல்லாம் கல்யாணச் சாப்பாடுதான்."

மகன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் மருமகள். லாண்டரிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தப் பொடி கெட்டதா டாக்டர்?" என்று கேட்டாள் மருமகள்.

"கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். நோய் அடங்கி இருக்கறப்ப சில பேருக்கு உதவலாம். ஆராய்ச்சியெல்லாம் நடக்குது, இன்னும் ஒரு முடிவுக்கு வரல. ஆனா புண்ணு ஆறாம இருக்கறப்ப, அதுவும் இந்த அளவுல, உள்ள புளிச்சுக் காத்தாயிடும். உப்பசம், வலி, ஓட்டம் எல்லாம் கூடும். புண்ணைக் கிளறியிருக்குமான்னு கேட்டா, எனக்கு நிச்சயமா தெரியல. என்னைக் கேட்டிருக்கலாம். நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

அதைச் சொன்ன விதத்தில் திட்டு இல்லை.

"அப்ப ஊசிக்கு இன்னொரு தவணை பார்க்கலாம்ல?" மருமகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

டாக்டரம்மா மகனைப் பார்த்தார். "அதுக்குத்தான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. உப்பசம், வலியை விடுங்க, அது பொடியால இருக்கலாம். ரத்தம் எப்படி? ஊசி போட ஆரம்பிச்சதும் ரத்தம் கொறைஞ்சு, பொடிக்கு அப்புறம் திரும்பி வந்துச்சுன்னா, ஊசி வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். பொடியை நிறுத்திட்டுக் காத்திருக்கலாம். ஆனா ரத்தம் கொறையவே இல்லன்னா ஊசி புடிக்கல. அப்ப காத்திருக்கறது ஆபத்து, குடலே ஓட்டையாயிடலாம். இன்னிக்குக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தா இன்னிக்கு எப்படி இருக்குன்னுதான் தெரியும். பொடிக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"கொறைஞ்சுது," என்றான் மகன், உடனே. "நல்லா கொறைஞ்சுது. இப்பதான் திரும்ப வருது."

"நிச்சயமா?"

"ஆமா. இல்ல... இருட்டுல எழுந்து போறேன், எங்க டாக்டர் அளந்து பார்க்கறது? கொறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

மருமகள் அவன் தோளைத் தொட்டாள். "கொறைஞ்சுது டாக்டர். போன வாரம்கூட விரிப்பெல்லாம் சுத்தமா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தம் செய்த கைகள் லாண்டரிக்காரரின் மடியில் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பில் ஊறி ஊறி நுனி வெளுத்த விரல்கள். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் பிள்ளையின் குடல் பிள்ளையிடமே இருக்கும், கொஞ்ச காலத்துக்காவது. மருமகளின் முகத்தில் அந்த வெளிச்சம் நிற்கும். கடவுளே, இதை என் வாயாலா சொல்ல வைக்கிறாய் என்று அவர் உள்ளுக்குள் கேட்டார். பதில் வரவில்லை. பொதுவாக அப்படித்தான். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவன் திருப்பிச் சொல்வதில்லை.

"கொறையல," என்றார்.

மூவரும் திரும்பினார்கள்.

"கொறையவே இல்லம்மா. இவன் விரிப்பை நான்தான் தினமும் அலசறேன். மெஷின்ல போட்டா கறை நின்னுடும்னு, வண்டி அடியிலிருந்து எடுத்துக் கையால. ஊசி போட்டதுக்கு அப்புறமும் அதே அளவுதான். கை வச்சுப் பார்ப்பேன்." அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "சில நாள் இதுக்குள்ள அடங்கும். அடங்கின மறுநாளே தாண்டிடும். பொடி வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். ரேடியோ பொடியைப் பத்திச் சொன்ன அன்னிக்குக் காலையிலகூட ரெண்டு கையும் வச்சுப் பார்த்தேன், அடங்கல. அதனாலதான் அவன் சொன்னதுக்குத் தலையாட்டினேன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாஸுன்னு சொன்னீங்களே மாமா..."

மகன் அப்பாவின் விரிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை. எழுந்து வந்து, லாண்டரிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒண்ணு கேளுங்க. இப்ப நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா, ரத்தம் பொடிக்கு முன்னாடியே இருந்திருக்கு. அப்ப ஊசி தோத்தது உங்க கரண்டியால இல்ல. அவங்க கரண்டியால இல்ல, இவர் பாக்கெட்டாலயும் இல்ல. அதை நினைச்சு மூணு பேரும் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. இது மட்டும் எனக்கு நல்லா தெரியும்."

நம்பிக்கையை எடுத்துக்கொண்ட அதே உண்மை பழியையும் எடுத்துக்கொண்டு போயிற்று. சந்தோஷப்படுவதா அழுவதா என்று லாண்டரிக்காரருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஆறிய தடம் எங்கும் இல்லை என்றார் டாக்டரம்மா. அறுவை சிகிச்சை நிபுணர் வந்தார். மகனின் வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, இந்த இடத்தில் பை வந்தால் பெல்ட் கட்ட இடைஞ்சல் இருக்காது, உட்கார்ந்து பாருங்கள், குனிந்து பாருங்கள் என்றார். மகன் உட்கார்ந்தான், குனிந்தான். உருளையில் துணி விடுவதுபோல் கைகளை முன்னால் நீட்டி ஒருமுறை காற்றில் விரிப்பு பிடித்துக் காட்டினான். "இப்படி நிக்கணும் சார், நாள் முழுக்க. அதுக்குத் தோதா வைங்க," என்றான்.

வெளியே ரேடியோ வேனில் காத்திருந்தான். யார் சொன்னார்களோ, எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டவன் நிமிரவே இல்லை.

"என் மச்சினிக்கு உண்மையாவே நல்லாயிடுச்சு தம்பி. நான் பொய் சொல்லல."

"தெரியும்டா. அவளுக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கல," என்றான் மகன். "எப்பவும் ஊருக்கே சொல்வ. இதை மட்டும் சொல்லாம விட்டுட்ட பாரு!"

வேன் முழுக்க வழி நெடுக அழுக்குத் துணி வாசனை. ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மேடுபள்ளம் வந்த இடமெல்லாம் வண்டியைத் தவழவிட்டு ஓட்டினான், பின்னால் இருக்கிறவனின் வயிறு குலுங்காமல்.

மறுநாள் காலை லாண்டரிக்காரர் இறங்கி வந்தபோது கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகன் சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். விரிப்பைத் தானே தண்ணீரில் போட்டிருந்தான். பலகையிலிருந்த இரண்டு டப்பாக்களையும் தன் பாக்கெட்டையும் தரையில் வரிசையாக வைத்திருந்தான்.

"பச்சைத் தண்ணிதானேப்பா?"

"பச்சைத் தண்ணிதான்."

"உப்பு போட்டேன். அதுக்கப்புறம் என்னன்னு தெரியல."

"சோப்பு." அவர் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். மகன் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடைத் துளையில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினான். "அங்க இருக்கற கிருமியாவது நல்லா சாப்பிடட்டும்," என்றான். காலி டப்பாவைத் தட்டும்போது அவன் முகம் சுருங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலி தாண்டும்வரை அசையாமல் இருந்தான். அப்பாவும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தார். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வலி தன் பாட்டுக்கு வந்து, தன் பாட்டுக்குப் போயிற்று.

"இத்தனை நாளா நீங்கதானா?" என்றான் மகன், மூச்சு திரும்பியதும். "மெஷின் இவ்வளவு நல்லா வெளுக்குதேன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

"மெஷினுக்கு என்னடா தெரியும்?"

விரிப்பை அலசி எடுத்தார்கள். பழுப்பாக, மிக லேசாக, ஒரு நிழல் மட்டும் நின்றது. இன்னொரு தடவை போட்டால் போய்விடும் என்று லாண்டரிக்காரர் சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. மகன் ஒரு முனையைப் பிடித்தான். "விடுடா, கனமா இருக்கும்," என்றார். அவன் விடவில்லை. அவர் இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமுமாக முறுக்கினார்கள். அவன் கையில் பலமே இல்லை. அவன் முறுக்குகிற அளவுக்குத் தன் பிடியைத் தளர்த்தி, அவன் முறுக்குவது போலவே இருக்கும்படி, அவர் மெல்ல முறுக்கினார். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்தது.

மாடியில் மருமகள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. கெட்டிலில் தண்ணீர் வைக்கிறாள்.

"அப்பா," என்றான் மகன், முறுக்கிய துணியைப் பிடித்தபடியே. "இன்னிக்கு எனக்கும் டீ போடுங்க. சும்மா டீ."